கோளாறு வண்டியிலா, என் காலிலா

எங்களுடையது டர்போ வைத்த பெட்ரோல் கார். போடி ஊருக்குள் சமர்த்தாக ஓடும். போடிமெட்டு ஏற்றம் தொடங்கிவிட்டால் வளைவுகளுக்கு நடுவில் திடீரென்று உதறும், இழுக்காது, பிறகு தானே சரியாகிவிடும். அப்பா எனக்கு விட்டுப்போன ஏலக்காய்த் தோட்டம் மேலே இருக்கிறது. காய் எடுக்கும் பருவத்தில் தினமும் நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். ஆகவே கோளாறு வண்டியில் இல்லை, என்னிடம்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

"கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற" என்பார் என் கணவர். இந்த ரோட்டில் எல்லாருக்கும் இதே தீர்ப்புதான். வண்டி தயங்கினால் ஓட்டுவது யார் என்று எட்டிப் பார்ப்பார்கள். பொம்பளை என்றால் விசாரணை முடிந்தது. ஒருநாள் எனக்கு முன்னால் போன தோட்டத்து ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "ஆத்தா, எறங்கித் தள்ளவா?" என்று கத்தினாள். ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் வரை போய்வருவார். சமதரை, காலி வண்டி. "கல்லு மாதிரி இருக்கு" என்று சாவியை மேசையில் வைப்பார். மலையில் வரும் காய்ச்சலுக்குத் தரையில் நாடி பார்த்தால் எப்படித் தெரியும்? அதைச் சொன்னால், "கஷ்டமா இருந்தா விட்டுரு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். அதற்குப் பயந்தே நான் பல நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடை, ஏலம், சரக்கு என்று அவருக்கு ஆயிரம் சோலி. அவருக்கு ஒழியும் நேரத்தில்தான் நான் தோட்டத்தைப் பார்க்க முடியும். மற்ற நேரமெல்லாம் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

கடைசியில் நானே மெக்கானிக்கிடம் போனேன். அவரும் முதலில் கிளட்சைத்தான் சொன்னார். நான் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை என்றதும், மதுரையில் தெரிந்தவரிடம் ஒரு வைடுபேண்டு ஆக்சிஜன் சென்சாரை இரவல் வாங்கி வந்தார். காரோடு வந்த சென்சார் புகையை வைத்துப் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று மட்டும்தான் சொல்லுமாம். எவ்வளவு குறைவு என்று இது சொல்லுமாம். புகைக்குழாயில் பின்னால் இருந்த சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் இதைத் திருகினார். வெல்டிங் தேவையில்லை, வேலை முடிந்ததும் பழையதையே மாட்டிவிடலாம். ஒயரை அடியிலிருந்து பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, மீட்டரை டாஷ்போர்டில் டேப்பு போட்டு ஒட்டினார். "மஞ்ச லைட்டு எரியும்க்கா, அதைக் கண்டுக்காதீங்க" என்றார்.

லோடு இல்லாமல் ஏறினால் கோளாறு தெரியாது என்றதால் தோட்டத்துக்குப் போக வேண்டிய உர மூட்டைகளை டிக்கியில் ஏற்றினோம். ஒரு மூட்டை பின்சீட்டுக்கு வந்தது. அதன் பக்கத்தில் என் கணவர், சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி விறைப்பாக. முன்சீட்டில் மெக்கானிக்.

அடிவாரம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஜீப்புகள் வரிசையாக ஊர்ந்தன. முந்த வழியில்லை. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்ததால் நிற்கவும் வழியில்லை. உர நாற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. மீட்டரில் பதினாலு புள்ளி ஏழு அசையாமல் நின்றது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று, அது சாதாரண ஓட்டத்துக்குச் சரியான அளவாம்; எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தமாம். "வண்டி நல்லாத்தான போகுது" என்றது பின்சீட்டு. இன்றைக்குப் பார்த்து உதறாமல் போனால் தொலைந்தேன். தன் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நல்லவேளையாக ஜீப்புகள் ஒரு டீக்கடையில் ஒதுங்கின. முன்னால் நீளமான ஏற்றம் காலியாகக் கிடந்தது.

"இப்ப மிதிங்கக்கா. மூணாவது கியரு, முழுசா."

மிதித்தேன். டர்போ விசிலடித்தது. இந்த இடத்தில் எண் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். இறங்கத் தொடங்கியது, அப்படியே திரும்பி ஏறியது. பதினாலு, பதினஞ்சு, பதினாறு. கார் உதறியது.

"காலை எடுங்க, எடுங்க! பிஸ்டன் வெந்துரும்!"

வலது காலை எடுத்தேன். இடது கால் கிளட்சுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதை மெக்கானிக்கிடம் காட்டி, "நல்லாப் பாத்துக்கங்க" என்றேன்.

போடிமெட்டில் ஓரமாக நிறுத்தினேன். "பெட்ரோல் பம்பு தளந்துபோச்சுண்ணே" என்று மெக்கானிக் பின்னால் திரும்பிச் சொன்னார். "ஏத்தத்துல டர்போ காத்தை அள்ளி அமுக்குது, அதுக்கு ஈடா பெட்ரோல் வந்து சேரல. அக்கா ஓட்டுறதுல ஒரு குத்தமும் இல்ல. பம்பு மாத்துனா தீந்துச்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்காமலே சிரித்தேன்.

கணவர் மூட்டையைத் தள்ளிக்கொண்டு இறங்கி என் கதவருகே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இத்தன நாளும் இதுலயா தனியா ஏறி எறங்குன? வளைவுல நின்னுபோயிருந்தா என்னாகியிருக்கும்? பம்பு மாத்துனாலும் சரி, இனி நீ ஓட்ட வேணாம்."

ஏளனமாகச் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். அதற்கான பதிலெல்லாம் ரொம்ப நாளாக என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் அவர் நிஜமாகவே பயந்துபோய், நிஜமான அக்கறையோடு சொன்னார். அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.