சம்பங்கி திறக்காத கண்கள்

பாகலூர் சாலையில் மூர்த்தியின் ஃபைபர் சிலைக் கொட்டகையில் சம்பங்கியை யாருக்கும் பிடிக்காது. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரிபாகக் கம்பெனியில் நின்றே வேலை பார்த்து, சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசி வெளியே வந்தவள். மறுபடி லைனில் நிற்க அவள் கால் தாங்காது. இங்கே சிலைக்கு வண்ணம் யார் வேண்டுமானாலும் பூசுவார்கள். கண் திறப்பது அவள் மட்டும்தான். கண் திறக்கும் நாளில் குளித்து, பட்டினி கிடந்து, சிலைக்கு எதிரே கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கருவிழி வைப்பாள். சிலையின் முதல் பார்வை ஆள்மேல் விழக்கூடாது.

அஞ்செட்டிப் பக்கம் திறக்கவிருக்கும் ரிசார்ட்டின் மேனேஜர் கோபி ஓர் ஓவியத்தின் படத்தைக் கொண்டுவந்தான். கனடாவின் மேற்குக் கடற்கரை. மரவீடுகளின் முன்னே கரடி, அண்டங்காக்கை, திமிங்கிலம் என முகத்தின்மேல் முகமாகச் செதுக்கிய கம்பம். ரிசார்ட் பார் வாசலில் நிறுத்த அப்படியே ஒன்று வேண்டுமாம்.

சம்பங்கி பூசி முடித்தாள், கண்கள் தவிர. படத்தின் அடிக்குறிப்பை மகள் காவியா படித்துச் சொல்லியிருந்தாள்: அந்த உருவங்கள் ஒரு குடும்பத்தின் வம்ச அடையாளம், அவர்கள் சம்மதமின்றி வேறெவரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

“இது யாரோ வீட்டுதுங்க. அவங்கள கேட்டீங்களா?”

“கனடா போய் கேட்டுட்டு வரட்டுமாக்கா? பொம்மைக்கு கண்ணு வைக்க இவ்ளோ பேச்சா?” என்றான் கோபி.

“உங்க குலசாமிய எவனோ பார் வாசல்ல நட்டு செல்ஃபி எடுத்தா சும்மா இருப்பீங்களா?”

மூர்த்தி சீறினான். “நீ என்ன கலெக்டரா? கண்ண வை. இல்லன்னா நாளையிலிருந்து வராத.”

“வரல.”

மூர்த்தி மற்றவர்களைப் பார்த்தான். சிலைக்குப் பட்டி பூசித் தேய்க்கும் வெள்ளைச்சாமி, “நான் காலையிலயே போண்டா தின்னுட்டனே” என்று நகர்ந்தான்.

“எல்லாம் மெண்டலுங்க.” கோபி சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். கொட்டகையே இரண்டு பக்கமும் ஒதுங்கியது. கண்ணாடியை யாரும் தூக்கவில்லை. ஆறு கண்களிலும் புள்ளி வைத்து இறங்கியபோது கம்பத்துக்கு எதிரே அவன் ஒருவன்தான் நின்றான்.

“என்னய்யா எல்லாரும் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல சார். மொதப் பார்வை உங்க மேலதான்” என்றான் வெள்ளைச்சாமி.

சம்பங்கி தன் பிரஷ்களைத் துணியில் சுற்றிப் பையில் போட்டாள். “வெள்ளிக்கிழமை கண்ணு தொறக்க வேண்டிய முனீஸ்வரனுக்கும் அந்த மார்க்கரே போதும்” என்று மூர்த்தியிடம் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கேட்டைத் தாண்டும்போது பின்னால் கோபியின் குரல் கேட்டது.

“சாக்கு இருந்தா எடுங்கடா. அது மூஞ்சிய மூடுங்க.”