எழுப்பிவிட ஆளில்லாத ஞாயிறு

வாரத்தில் ஆறு நாள் நான் சலித்துக்கொண்டே ஏறும் ரயிலைத்தான் என் மகள் சுற்றுலாவாகக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அதற்கு முந்தைய வாரம் இரண்டு பிள்ளைகளையும் பெங்களூரில் ஒரு பெரிய மாலுக்கு அழைத்துப் போயிருந்தோம். நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து மகன் அழுதான். அவனுக்கு நான்கு வயது. என் மனைவிக்குத் தலைவலி. நான் விலைப்பட்டியலைப் பார்த்தே களைத்துப் போனேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மகள் சொன்னாள்: "இதுக்கு ட்ரெய்ன்ல சும்மா போய்னு வந்துனு இருந்தாலே போதும்பா. நீங்க மட்டும் டெய்லி போறீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறு காலை எங்கள் ஊரான ஊரிகத்தில் ஏறினால் அரை மணிக்குள் பங்காருபேட்டை. ஒருவருக்கு ஒரு டீயும் வடையும் ஆகும் செலவுகூட ஆகாது. அங்கே இறங்கி, பிளாட்பாரங்களைக் கடக்கும் மேம்பாலத்தில் ஏறி நிற்போம். கீழே கூட்ஸ் வண்டி போகும்போது பாலத்தின் இரும்புத்தகடு அதிர்ந்து உள்ளங்காலில் ஏறும். மகன் வாயைத் திறந்து "ஆ" என்று நீளமாகச் சொல்லி, தன் குரல் நடுங்குவதைக் கேட்பான். இரண்டாம் முறை என் மனைவியும் "ஆ" என்றாள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ரயிலை வேடிக்கை பார்க்கவென்று எங்கேயும் நின்றதே இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னாள். புளிசாதத்தை பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவோம். நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்த வேறு இடம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு என் மனைவி வரவில்லை. அன்றைக்குத் தண்ணீர் விடும் முறை எங்கள் தெருவுக்கு. டிரம்கள் காலியாக இருந்தன. "நீங்க கூட்டினு போங்க, நான் தண்ணி புடிச்சி வெக்கறேன்," என்றாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, வாசலில் கொண்டு வந்து நிறுத்தியதும் அவள்தான்.

நான் பெங்களூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். விடியும் முன்னே ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உட்கார்ந்தவுடன் தூங்குவது. பை வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, தலையை ஜன்னல் ஓரத்தில் சாய்த்தால் போதும், அடுத்த நிலையம் வருவதற்குள் உடம்பு அணைந்துவிடும். இப்படித் தைரியமாகத் தூங்க ஒரு காரணம் இருந்தது. எங்கள் பெட்டியில் ஒருவர் தூங்க மாட்டார். ஏதோ தொழிற்சாலையில் வேலை. யாரும் அவரிடம் கேட்டுக்கொண்டதில்லை, ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னால் எழுந்து, அங்கே இறங்க வேண்டியவர்களின் தோளைத் தட்டிக்கொண்டே போவார். "சார், எழுந்திருங்க, ஒங்க ஊரு." பதினோரு வருடமாக நான் அந்தக் கையை நம்பித் தூங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியில் இருப்பதில்லை.

அன்று மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மகன் மடியில். மகள் எதிர் இருக்கையில். வண்டி கிளம்பியது நினைவிருக்கிறது. மகள் ஏதோ கேட்டதும், நான் பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. என்ன கேட்டாள் என்பது நினைவில்லை.

கண் விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பங்காருபேட்டை பிளாட்பாரத்தின் கடைசிச் சரிவு ஜன்னலில் பின்னால் போனது. மகன் என் நெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பை வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று இருந்தது. எதிர் இருக்கையில் யாரும் இல்லை. மணி பத்து நாற்பது.

மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கழிவறை வரை போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. அடுத்த பெட்டியிலும் இல்லை. திரும்பி வந்து, எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். அவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

"ஒரு கொழந்த எறங்குன மாதிரி இருந்துச்சி சார். ஒங்கள உசுப்புச்சி. நீங்க 'போ, வரேன்'னு சொன்னீங்க."

"நானா?"

"ஆமா சார். கண்ண மூடினே சொன்னீங்க."

அபாயச் சங்கிலி தலைக்கு மேலே இருந்தது. கையை வைத்தேன். இழுத்தால் வண்டி வெட்டவெளியில் நிற்கும், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜல்லியில் நடக்க வேண்டும். அடுத்த நிலையம் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். கையை எடுத்தேன். அது சரியான முடிவுதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ரயில் நிலையத்தில் காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றிய செய்திகளை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். பெரும்பாலும் நான்கு வரி. வயது, உடை, கடைசியாக யார் பார்த்தார்கள். இடம் பற்றாதபோது முதலில் வெட்டுவது உடையைத்தான். கதவருகே நின்றபடி அந்த நான்கு வரி தானாகவே மனதில் ஓடியது. இரண்டாவது வரியில் நின்றது.

அடுத்த நிலையம் சிறியது. ஒரு அறை, ஒரு வேப்பமரம். இறங்கிய பயணி நான் ஒருவன்தான். பத்து ஐம்பதுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்தேன். அவர் முதலில் கன்னடத்தில் கேட்டார். என் கன்னடம் தடுமாறியதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். பங்காருபேட்டைக்குப் பேசும் போனைக் கையில் எடுத்துக்கொண்டே கேள்விகளை அடுக்கினார்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு. ஏழு வயசு."

"என்ன கலர் ட்ரெஸ்?"

நான் அவர் மேஜையைப் பார்த்தேன். அதில் ஒரு பச்சைக்கொடி, ஒரு சிவப்புக்கொடி, மூடி இல்லாத பேனா, பாதி குடித்த டீ, ஸ்டீல் டம்ளரில் ஒட்டிய ஏடு. எல்லாம் எனக்கு இன்றும் தெரியும். மகள் காலையில் என்ன உடுத்தியிருந்தாள் என்பது தெரியவில்லை. அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவள்.

"சார், ட்ரெஸ். அங்க கேக்கறாங்க."

என் சட்டைப் பையில் போன் இருந்தது. வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அவளைக் கேட்டால் ஏன் என்று கேட்பாள். நான் அந்த எண்ணை அழுத்தவில்லை. மகனை உலுக்கி எழுப்பினேன்.

"தம்பி, அக்கா இன்னா ட்ரெஸ் போட்டுனு இருந்தா? கலர் சொல்லு."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். "பச்ச," என்றான்.

"நல்லா தெரியுமா?"

"பச்ச."

"பச்சை ட்ரெஸ்," என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னார். பிறகு காத்திருந்தோம். அவர் மகனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அவன் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ஒரு விரைவு வண்டி நிற்காமல் பங்காருபேட்டைப் பக்கம் போனது. அந்த நிலையத்தில் எத்தனை தண்டவாளங்கள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

போன் அடித்தது. அவர் கேட்டார், வைத்தார்.

"பச்சை ட்ரெஸ்ல யாரும் இல்லையாம் சார். ரெண்டு பிளாட்பாரம் பாத்துட்டாங்களாம். வேற வண்டி எதாச்சும் ஏறிட்டாளா? பக்கத்துல ஒரு வண்டி நின்னு போயிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். "வீட்ல கேளுங்க சார். அவங்களுக்குத் தெரியும்."

பத்து ஐம்பத்தொன்பதுக்கு நான் என் மனைவியை அழைத்தேன்.

பின்னால் டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம். "இன்னாங்க, எறங்கிட்டீங்களா?"

"பாப்பா இன்னா ட்ரெஸ் போட்டுனு இருக்கா?"

"கடுகு மஞ்ச டாப்பு, சாம்பல் பேண்ட்டு. ரெட்ட ஜட. ஒரு ஜடைல ரிப்பன் கெடயாது, வழியில கட்டிக்கறேன்னு கையில சுத்தினு போனா. முட்டில பிளாஸ்திரி." ஒரே மூச்சில் சொன்னாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "ஏன்?"

"அவ பங்காருபேட்டைல எறங்கிட்டா. நான் எறங்கல."

டிரம் நிரம்பித் தண்ணீர் தரையில் வழியும் சத்தம் கேட்டது.

"தம்பி பச்சன்னு சொன்னான்," என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அவனுக்கு ஒரு மாசமா எல்லாமே பச்சதான். ஆகாசமும் பச்ச. தெரியாதா ஒங்களுக்கு?" அவள் குரல் உயரவில்லை. "போன வெய்ங்க. மொதல்ல அங்க சொல்லுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்கனவே போனைக் கையில் எடுத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். மஞ்சள், சாம்பல், இரட்டை ஜடை, கையில் ரிப்பன். முழங்கால் பிளாஸ்திரியை நான் விட்டுவிட்டேன். அதையும் அவரே நினைவு வைத்திருந்து சொன்னார். என் போனிலிருந்து அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

"சிக்கிட்டா சார்," என்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "ஓவர் பிரிட்ஜ் மேல நிக்கறாளாம். ஒரு லேடி கான்ஸ்டபிள் பக்கத்துல இருக்காங்க. எறங்க மாட்டேங்கறாளாம். அப்பா வந்தாத்தான் எறங்குவாளாம்."

நான் உட்கார்ந்தேன். மகன் பிஸ்கட்டைக் கடித்தான்.

திரும்பும் வண்டிக்கு முக்கால் மணி நேரம். மனைவியை அழைத்துச் சொன்னேன். அவள் "ம்" என்றாள். காற்றின் இரைச்சல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பாதி வழி வந்துவிட்டிருந்தாள்.

வண்டியில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. பங்காருபேட்டையில் நுழையும்போது பாலத்தின் மேல் மூன்று உருவங்கள் தெரிந்தன. காக்கி ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று. மூன்றாவது என் மனைவி. புடவையின் கீழ்ப்பகுதி முழங்கால் வரை நனைந்து, நிறம் மாறியிருந்தது.

மகள் படிக்கட்டின் உச்சியில் நின்றே கத்தினாள்.

"எங்கப்பா போனீங்க? ஆபீசுக்கா? ஒங்களுக்காக ரெண்டு கூட்ஸ் எண்ணி வெச்சினு கீறேன். ஒண்ணு நாப்பத்தி மூணு பெட்டி. இன்னொண்ணு பாதில இந்த ஆன்ட்டி வந்து பேசிட்டாங்க, எண்ணிக்க உட்டுப்போச்சி."

கான்ஸ்டபிள் சிரித்தார். "சார், காணாம போனது நீங்கதானாம். எங்கிட்ட கம்ப்ளெய்ண்ட் குடுத்துச்சி. வெள்ளச் சட்ட, நீலக் கட்டம். ஒரு கை மடிச்சிருப்பாரு, இன்னொண்ணு மறந்துட்டிருப்பாரு. தூங்கும்போது வாயத் தொறந்துனு இருப்பாரு, சீக்கிரம் கண்டுபுடிச்சிடலாம்னு சொல்லுச்சி."

நான் குனிந்து பார்த்தேன். வலது கை மட்டும் மடித்திருந்தது.

"நீ ஏம்மா மேல ஏறின?" என்று மகளைக் கேட்டேன்.

"இங்கருந்து எல்லா பிளாட்பாரமும் தெரியும் இல்ல? நீங்க எந்த வண்டில வந்தாலும் தெரிஞ்சிடும்." இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்பதுபோல் பார்த்தாள்.

கான்ஸ்டபிள் என்னிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். குழந்தையை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று. கையெழுத்துக்குக் கீழே நேரம் போடச் சொன்னார். போட்டேன். அவர் போன பிறகு நான்கு பேரும் கீழே இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊரிகத்துக்கு வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. என் பையிலிருந்த புளிசாதத்தை மனைவி பிரித்தாள். பிள்ளைகளுக்கு ஊட்டினாள். மகள் வாயில் சோற்றோடு எழுந்து ஓடி, பெஞ்சிலிருந்து நாலு எட்டில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நின்றாள். அதன் விளக்குகள் சுற்றுவதைப் பார்க்கத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் என் மடியை விட்டுப் போகவில்லை.

என் மனைவி மகளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவ இல்லன்னு ஒங்களுக்கு எப்போ தெரிஞ்சிது?"

வண்டி அடுத்த நிலையத்துக்குப் போன பிறகுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் வாயில் தயாராகவே இருந்தது.

"பத்து நாப்பது."

"எனக்குப் பத்து அம்பத்தொம்போதுக்குப் பண்ணீங்க." அவள் போனை எடுத்துப் பார்க்கவில்லை. "அதுல தேடினது எவ்ளோ நேரம், எனக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தது எவ்ளோ நேரம்?"

வண்டிக்குள் இருந்தது பத்து நிமிடம். மீதியை நான் கழித்துப் பார்த்தேன்.

"ஒம்போது நிமிஷம்," என்றேன்.

அவள் தலையசைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரத்தைப் புடவையில் துடைத்தாள். பிறகு மகனை என் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கைகள் என் சட்டையைப் பிடித்திருந்தன. அவள் விரல் விரலாக அவற்றை விடுவித்தாள்.