துவரை காய்ந்த வருஷம்

கொள்ளு வறுபடும்போது முதலில் புழுதி வாசனைதான் எழும். கை ஓயாமல் கிளறினால் அதுவே மெல்ல இனிக்கத் தொடங்கும். பிழைக்க வந்த மராத்தி ஊரான கசார்வாடியில் நாங்கள் குடியிருந்த ஒற்றையறை வீட்டுக்குள் அந்த வாசனை முதன்முதலாக நுழைந்தபோது எனக்குப் பத்து வயது. மழை பொய்த்து, கடைகளில் துவரம்பருப்பு அருகிப்போயிருந்த வருஷம் அது.

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. பட்டறைகளில் வேலை செய்த தமிழ் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு அம்மா கட்டிக் கொடுத்த மதிய 'டப்பா'வில்தான் எங்கள் வீடு ஓடியது. சாம்பாருக்காகவே வந்தவர்கள் அவர்கள். பருப்பு குறையக் குறைய அம்மா பூசணிக்காயைக் கூட்டி ஒப்பேற்றிப் பார்த்தாள். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் 'காகூ', அதாவது சித்தி, லாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஊருக்குப் போய் வந்தவள் எங்கள் வாசலில் ஒரு துணிப்பையை இறக்கிவிட்டு மராத்தியில் சொன்னாள்: "வயல்ல துவரை எல்லாம் காஞ்சுபோச்சு. இந்த 'ஹுல்கா' மட்டுந்தான் நின்னுச்சு."

பிரித்தால், கொள்ளு. கோபிப் பக்கம் பிறந்த அம்மாவுக்குத் தெரியாததா? ஆனாலும் முகம் சுருங்கியது.

"ஏனுங், மாட்டுக்கு வேகவெக்கறதப் போயி டப்பாவுல வெச்சா என்ன நெனைப்பாங்க?"

"நாம தின்னு வளந்ததுதான புள்ள, வெச்சுப் பாரு," என்றார் அப்பா.

வறுத்து வேகவைத்த கொள்ளைப் பூண்டும் சீரகமும் மிளகாயும் சேர்த்து மசித்து, வடித்த நீரில் ரசமும் வைத்து அனுப்பிவிட்டு, அம்மா பட்டினியாகவே உட்கார்ந்திருந்தாள். மாலையில் வந்த டப்பாக்கள் எல்லாம் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தன. யாரிடமும் பேசாத உடுமலைக்கார லேத் தொழிலாளி ஒருவர் தன் டப்பாவைத் தானே கொண்டுவந்து, "அக்கா, நாளைக்கும் இதையே வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, கலங்கிய கண்ணை மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அம்மா மிச்ச ரசத்தை எடுத்துக்கொண்டு காகூ வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு முதல் கவளம் சாப்பிட்டது அங்கேதான்.

இப்போது நான் அதே நகரத்தின் இன்னொரு பக்கமான ஔந்தில் இருக்கிறேன். எந்த மண்ணில் விளைந்ததென்று தெரியாத பருப்புகளெல்லாம் பன்னிரண்டு மாதமும் கிடைக்கின்றன. சொந்த ஊருக்கே திரும்பிவிட்ட காகூவிடம் போன வாரம் போனில் பேசும்போது, வயலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் சோயாபீன்தான் பேட்டா. அப்படியே வித்துடறோம். ஹுல்கா விதைகூட இங்க யார்கிட்டயும் இல்ல."

"அப்போ வீட்டுக்குப் பருப்பு?"

"கடைலதான்," என்று சொல்லிச் சிரித்தாள் காகூ. எனக்குச் சிரிக்க வரவில்லை.