பொழுது சாயும்போது கார் கழுவாதீர்கள்

போன வாரம் ஒரு காலைப்பொழுதில், என் சொந்தக் காருக்குள் டிக்கி வழியாக ஊர்ந்து போனேன்.

திருடப் போகவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. பட்டனை அழுத்தியதும் பூட்டு 'டக்' என்று விடுபடும் சத்தமும் கேட்டது. கதவுகள்தான் திறக்கவில்லை — நான்கில் ஒன்றுகூட.

காரணம்? முந்தின நாள் மாலை நான் காரைக் கழுவியிருந்தேன்.

நான் மலேசியாக்காரன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் கார் கழுவும் நாள். தண்ணீரை அடித்துவிட்டு உள்ளே போய் ஒரு டீ குடித்து வருவதற்குள் கார் தானாகவே காய்ந்துவிடும். லண்டனுக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்து, மோர்டனில் வீடும் வாங்கி... என்னென்னவோ மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

குளிர்காலத்தில் கழுவுவதற்கு நியாயமும் இருக்கிறது. தரை உறையப் போகிறது என்றால் கவுன்சில் லாரி வந்து, பனி பிடிக்காமலிருக்க ரோட்டில் உப்பைத் தூவிவிட்டுப் போகும். அந்த உப்பு சக்கரத்தில் ஒட்டும், கதவில் ஒட்டும், காரின் அடிப்பாகம் முழுக்க ஒட்டும். அப்படியே விட்டால் இரும்பை அரித்துவிடும். ஆகவே கழுவத்தான் வேண்டும். எந்த நேரத்தில், எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல வெயில் அடித்தது. நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போனேன். எழுந்து வாளியைத் தேடும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"இந்நேரத்துலயா? ராத்திரி மைனஸ்ல போகுதாம்" என்றாள் என் மனைவி செல்வி.

"சின்ன வேலைதான்" என்றேன்.

வாளி வாளியாக ஊற்றினேன். கார் பளபளத்தது. துடைப்பதற்குள் இருட்டிவிட்டது, விரலும் மரத்துப் போனது. டிக்கியைத் திறந்து வாளியை உள்ளே வைத்து, அதன் விளிம்பை மட்டும் துணியால் ஒரு இழுப்பு இழுத்து மூடினேன். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். லண்டன் காற்று எப்போது அப்படிப்பட்ட உதவி செய்திருக்கிறது?

மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு நிரோஷா. யாழ்ப்பாணத்துப் பெண். அவள் கணவன் சுகந்தன் ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து, எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்கிறவன். கர்ப்பிணி, அவளுக்கு இது முதல் குழந்தை. நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு கையில் பை. மறு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, வயித்துநோ துவங்கீட்டுது. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினனான், உடனை வரச் சொல்லுகினம். இவர் விடியவே பேர்மிங்காமுக்கு வேலைக்குப் போட்டார். டாக்ஸி ஒண்டும் இல்லையாம். ஒருக்கா கொண்டுபோய் விடுவியளோ?"

"இதோ, சாவி எடுத்துட்டு வரேன்" என்றேன்.

வெளியே வந்து முதல் அடி வைத்ததுமே கால் வழுக்கியது. நல்ல வேளை, கேட்டைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் காரைச் சுற்றி, நடைபாதை வரைக்கும், கண்ணாடி விரித்த மாதிரி உறைந்து கிடந்தது. அந்த இடத்தைத் தாண்டித்தான் நிரோஷா காருக்கு வர வேண்டும்.

"அங்கேயே நில்லும்மா, அசையாதே" என்று சொல்லிவிட்டு மெல்ல நகர்ந்து போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. அடுத்த கதவு, அதற்கடுத்தது... ரப்பர் ஓரமெல்லாம் ஈரம் உறைந்து, பசை போட்டது போல ஒட்டியிருந்தது. இன்னும் பலமாக இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும்.

செல்வி கெட்டிலோடு ஓடி வந்தாள். வாசலிலிருந்து நிரோஷாவின் குரல்:

"அக்கா, சுடுதண்ணி ஊத்தாதேங்கோ. கண்ணாடி வெடிச்சுப்போம். ஜெர்மனியிலை இவர் ஒருக்கா அப்பிடித்தான் ஊத்தி, முன்கண்ணாடி முழுக்க வெடிச்சுப்போட்டுது."

அந்த வலியிலும் என் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

கடைசியாக டிக்கியை இழுத்துப் பார்த்தேன். திறந்தது. நான் துடைத்த ஒரே இடம் அதுதானே! வாளியை வெளியே எறிந்தேன், பின் சீட்டை மடக்கினேன், ஆபீஸ் கோட்டோடு உள்ளே நுழைந்தேன். தலை போய்விட்டது, தோள் போய்விட்டது. வயிறு நின்றுவிட்டது. கால் இரண்டும் மோர்டன் தெருவுக்குக் காட்சியாக வெளியே ஆடிக்கொண்டிருந்தன.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். "அண்ணை... சிரிப்பு வருது. சிரிக்க ஏலாமலும் கிடக்கு."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பு கொடுத்தது. எக்கி உள்ளே விழுந்தேன். உள்ளேயிருந்து தோளால் அழுத்த, கதவு 'சர்ர்' என்று ரப்பரை விட்டுப் பிரிந்து வந்தது.

இதற்குள் செல்வி சமையலறை உப்பை ஒரு பாக்கெட் கொண்டுவந்து தரையெல்லாம் கொட்டியிருந்தாள். காரிலிருந்து உப்பைக் கழுவி, அதனால் வீட்டு உப்பைத் தெருவில் கொட்டிய குடும்பம் எங்களுடையதுதான். உப்பு வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. கால்மிதி, குளியல் டவல், பழைய கம்பளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக விரித்தாள்.

"அக்கா, கையை விடாதேங்கோ."

"விடமாட்டேன். மெதுவா வா. அவசரமே இல்ல."

அவசரம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் செல்வி சொன்ன பொய்தான் சரி. ஒவ்வொரு அடியாக நிரோஷா காருக்கு வந்து சேரும் வரை நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பின் சீட்டை நிமிர்த்தி, கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பினோம். செல்வி பின் சீட்டில் அவள் கையைப் பிடித்தபடி. மெயின் ரோட்டில் கவுன்சில் உப்பு போட்டிருந்தது. அந்த உப்பைப் பார்த்து முதல்முறையாக எனக்குச் சந்தோஷம் வந்தது.

அன்று பிற்பகலில் பெண் குழந்தை. சுகந்தனும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். போனில் அழுதான், பிறகு சிரித்தான்.

"அண்ணை, நீங்கள் டிக்கிக்குள்ளாலை போனதை இவ டொக்டருக்கும் சொல்லிச் சிரிச்சவவாம்."

"ஆமா, சொல்லட்டும்" என்றேன்.

சரி, நீங்களும் குளிரில் கார் கழுவுகிறவராக இருந்தால் இதைக் கேளுங்கள். உறையாத நாளாகப் பாருங்கள், அதிலும் மத்தியானமாகப் பாருங்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும், கொதிக்க வேண்டாம். முடிந்ததும் கதவு ரப்பரையெல்லாம் துணியால் ஒற்றி, கதவுகளை ஒருமுறை திறந்து மூடுங்கள். முக்கியமாக, தரையில் நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். கார் உங்களுடையது. நடைபாதை அப்படியல்ல. அதில் யார் நடந்து வருவார்கள் என்று நமக்குத் தெரியாது.

அவ்வளவு கவனம் எடுக்க முடியாது என்றால் அழுக்காகவே விடுங்கள். கார் கோபித்துக்கொள்ளாது.

தாயையும் பிள்ளையையும் கூட்டிவரவும் என் காரையே கேட்டார்கள். சுகந்தனுடைய வேன் முழுக்க வயரும் ஏணியும். கிளம்பும் முன் காரைப் பார்த்தேன். ரோட்டுச் சேறும் உப்பும் அப்பி, அதன் நிறமே தெரியவில்லை. என் கை தானாக வாளிப் பக்கம் போனது.

"தொட்டுப் பாருங்க" என்றாள் செல்வி.

தொடவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். அப்படியே கூட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அந்தச் சின்னவள் ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கினாள்.

அத்தனை அழுக்கான காரிலிருந்து அத்தனை சுத்தமான ஒருத்தி எங்கள் தெருவில் இதுவரை இறங்கியதில்லை.