கருவாட்டுக்காரம்மா கொடுத்த சும்மாடு

அறுபதுகளோட நடுவுல, ஒரு பங்குனி மாசம். திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போற காலை பஸ்ஸுல நடந்தது இது. அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. திண்டிவனத்துல சைக்கிள் கடை வச்சிருந்தேன். கோவம் மூக்கு மேல நிக்கும். பஞ்சர் ஒட்டறதுல என்னை மிஞ்ச ஆளில்லைன்னு ஒரு திமிரு வேற.

அதுக்கு ஆறேழு மாசம் முந்தி, குடல் முறுக்கிக்கினு சாகக் கெடந்தவனை விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிச்சுக் காப்பாத்தினாங்க. கண்ணு முழிச்சுப் பார்த்தா, வயித்துல இடது பக்கம் தக்காளியைப் பாதியா நறுக்கி ஒட்டின மாதிரி ஒண்ணு. குடலோட முனையை வெளியே எடுத்து வச்சுத் தச்சிருந்தாங்க. இனிமே மலம் அது வழியாத்தான் வரும், ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப உள்ள சேர்த்துடலாம்னு சர்ஜன் சொன்னாரு.

எப்ப வரும், எவ்ளோ வரும்னு நம்ம கையில இல்லை. அடக்கவும் முடியாது. பஞ்சும் பழந்துணியும் வச்சுக் கட்டிக்கச் சொன்னாங்க. நான் சும்மா இருப்பனா? பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பவுடர் டப்பா மூடியில வளையம் பண்ணி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஒரு பை செஞ்சு பெல்ட்டால இறுக்கிக் கட்டிக்கினேன். நர்ஸம்மாவே பார்த்து அசந்து போயிட்டாங்க. ஆனா நாத்தத்தை எந்த ரப்பர் தடுக்கும்? கல்யாணம் கார்த்தின்னு எங்கியும் போறதில்லை. கடைக்கு வர்றவங்க மூக்கைச் சுருக்கினா, "இந்தச் சாக்கடையைப் பாருங்க, அள்ளவே மாட்டேங்கறாங்க"ன்னு பழியை அது மேல போட்டுடுவேன்.

குடலை உள்ள வைக்க நாள் குறிச்சாங்க. மூணு நாள் வெறும் கஞ்சித் தண்ணிதான், குடல் சுத்தமா இருக்கணும்னாங்க. நான் ஒரு கை அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தின்னுட்டேன். ஒரு கைதானே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு ஒரு நெனப்பு. எனிமா குடுத்தப்ப பருப்பு பருப்பா வந்து அதுவே சாட்சி சொல்லிடுச்சு. "உள்ள அழுக்கோட தச்சா சீழ் பிடிச்சு செத்துப் போவே. அடுத்த மாசம் வா"ன்னு சர்ஜன் திட்டி அனுப்பிட்டாரு. வெளியூர்லேர்ந்து மாசம் ஒருதரம் வர்றவரு அவரு. அடுத்த மாசத்தோட மாற்றலாகிப் போறாருன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அவரை விட்டா அங்க இந்த ஆபரேஷன் பண்ண ஆளில்லை. எனக்கு இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான்.

அந்தத் தடவை மூணு நாளும் கஞ்சித் தண்ணியைத் தவிர வேற ஒண்ணையும் தொடலை. முந்தின நாள் சொன்ன அளவுக்கு விளக்கெண்ணெயும் குடிச்சேன். அதோட நிறுத்தியிருக்கலாம். காலையில எழுந்ததும் பயம் பிடிச்சிக்கிச்சு, மறுபடியும் திருப்பி அனுப்பிட்டா? மூக்கைப் பிடிச்சிக்கினு இன்னும் அரை டம்ளர் ஊத்திக்கினேன்.

பொண்டாட்டி நிறைமாசம், அதனால தனியாத்தான் கெளம்பினேன். பத்து மணிக்குள்ள வரலைன்னா படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு சொல்லியிருந்தாங்க. "பத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயிடலாமா?"ன்னு கண்டக்டரை நாலு தரம் கேட்டு, அவரு முறைக்கற அளவுக்குப் பண்ணிட்டேன். கடைசி சீட்டுல ஜன்னலோரம் உக்காந்தேன். என் காலடியில, தரையில, மரக்காணத்துப் பக்கத்து அம்மா ஒருத்தங்க கருவாட்டுக் கூடையோட குந்தியிருந்தாங்க. கண்டக்டர் மாட்டேன்னு சொல்ல, விக்கிரவாண்டி சந்தைக்குப் போவணும்னு கெஞ்சிக் கூத்தாடி ஏறினவங்க.

கூட்டேரிப்பட்டு தாண்டினதும் வயித்துல கடமுடான்னு ஆரம்பிச்சுது. பை உப்பறது கைக்குத் தெரியுது. இறங்கிக் காலி பண்ணலாம்னா பஸ் போயிடும், அடுத்த பஸ்ஸுல போனா பத்து தாண்டிடும். பல்லைக் கடிச்சிக்கினு ரெண்டு கையாலயும் வளையத்தை அழுத்திக்கினேன். ஒரு பள்ளம் வந்துச்சு பாருங்க, பஸ் தூக்கிப் போட்டுச்சு. ஊரே மெச்சின என் ஒட்டு பிச்சிக்கிச்சு. வெதுவெதுன்னு இடுப்புல இறங்குது.

முன் சீட்டுக்காரர் துண்டால மூக்கைப் பொத்திக்கினு, "இன்னாய்யா இது, கொடலைப் புடுங்குது!"ன்னு கத்தினாரு. எல்லாரும் திரும்பினாங்க. எல்லார் கண்ணும் கூடை மேல. கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினாரு.

"இதுக்குத்தான் ஏத்தமாட்டேன்னேன். அழுகினதை ஏத்திக்கினு வந்து பேஜார் பண்றியே. எறங்கு!"

"யோவ், இன்னா பேசற நீ? என் கருவாடு காஞ்சி சருகாக் கெடக்குது. வா, மோந்து பாரு!"ன்னு கூடையைத் திறக்கப் போன அந்தம்மா கண்ணு என் மேல பட்டுச்சு. தரையில குந்தியிருந்தவங்களுக்கு என் மடி நேர் எதிர்ல. நனைஞ்ச வேட்டி, அழுத்தின கை, வேர்த்துக் கொட்டற மூஞ்சி, எல்லாத்தையும் பார்த்துட்டாங்க.

எனக்கு உசிரே போயிடுச்சு. கை நீட்டிக் காட்டுவாங்க, என்னை நடுரோட்டுல இறக்கிடுவாங்க, பெட்டு போச்சு, ஆயுசுக்கும் இந்த வயித்தோடதான்னு நெனச்சேன். "நான்தாங்க"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சாக்கடை மேல பழி போட்டுப் பழகின வாயி, திறக்கலை. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கினு புளியமரத்தைப் பார்த்தேன்.

"ஆமாய்யா, அடிக் கருவாடு ஈரம் பட்டுப் போச்சு. எறங்கிக்கிறேன்"னாங்க.

கூடையைத் தூக்கக் குனியற சாக்குல, தலையில வைக்கிற சும்மாட்டுத் துணியைப் பிரிச்சு என் மடியில போட்டாங்க. "இதை வச்சி அமுக்கிக்க. ஜல்தி ஆஸ்பத்திரி போய்ச் சேரு, தம்பி"ன்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க.

பஸ் கெளம்பின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். விக்கிரவாண்டிக்கு இன்னும் மூணு மைல் இருக்கும். சும்மாடு இல்லாத வெறுந்தலையில கூடையை ஏத்திக்கினு, வெயில்ல நடந்து வந்துக்கினு இருந்தாங்க. பஸ்ஸுல நாத்தம் அப்படியேதான் இருந்துச்சு. கருவாட்டு வாடை ஒட்டிக்கிச்சு, போக நாளாகும்னு பஸ்ஸுல இருந்தவங்க பேசிக்கினாங்க.

பத்தடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கச்சே போய்ச் சேர்ந்தேன். நர்ஸம்மா அந்தத் துணியைக் குப்பையில போடப் போனாங்க. "ஐயோ, போடாதீங்க!"ன்னு நான் போட்ட கூச்சல்ல வார்டே திரும்பிப் பார்த்துச்சு. மறுநாள் ஆபரேஷன் நடந்துச்சு. நாலாம் நாள், பழைய வழியில காத்து பிரிஞ்சுது. அது வந்தாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். வந்த சத்தத்துல பக்கத்து பெட்டுக்காரரெல்லாம் கைதட்டிச் சிரிச்சாங்க. நான் மட்டும் அழுதேன். வலியான்னு கேட்டாங்க, ஆமான்னேன்.

உடம்பு தேறினதும் துணியைத் துவைச்சு எடுத்துக்கினு, விக்கிரவாண்டி சந்தை, மரக்காணம்னு சைக்கிள்ல தேடாத இடமில்லை. "எப்படி இருப்பாங்க?"ன்னு கேட்டாங்க. ஜன்னலைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தவனுக்கு மூஞ்சி எப்படி ஞாபகம் இருக்கும்?

இப்பவும் பஸ்ஸுல கருவாட்டுக் கூடையைப் பார்த்து யாராவது மூக்கைப் பொத்தினா, எழுந்து நின்னு, "நாத்தம் என்கிட்டேர்ந்துதாங்க வருது, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னு சொல்லிடறேன். கெழவனுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும். அன்னைக்கு ஒரே ஒருதரம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. இப்ப எத்தனை தரம் சொன்னாலும், அந்தம்மா வெறுந்தலையோட நடந்த மூணு மைல் குறைய மாட்டேங்குது.