நான் தெரிவு செய்யாத கமரா

வயிற்றில் இரட்டை என்று தெரிந்ததும் என் கணவர் கட்டில்களைப் பற்றி யோசித்தார். நான் பேபி மொனிற்றரைப் பற்றி யோசித்தேன். வோபர்னில் எங்கள் வீடு குறுகலாக மேலே எழும்பியது. சமையலறை கீழே, பிள்ளைகளின் அறை இரண்டு மாடிகளுக்கு மேலே. எந்தப் பிள்ளை அழுகிறது, மற்றது எழும்பிவிட்டதா என்று கீழேயிருந்தே தெரிய வேண்டும்.

ஏழாம் மாதத்தில் இருவரும் கடைக்குப் போனோம். அங்கே இரண்டு வகை மொனிற்றர் இருந்தன. ஒன்றில் இரண்டு கமராக்கள், கையில் பிடிக்கும் சின்னத் திரை, இன்ரநெற் தேவையில்லை. மற்றது போனில் பார்ப்பது. எங்கிருந்தும் பார்க்கலாம், எங்கிருந்தும் கமரா வழியே பேசலாம். நான் முதலாவதைத் தொட்டுக் காட்டினேன். ``வீட்டுக்குள்ளை நடக்கிறது வீட்டுக்குள்ளையே இருக்கட்டும்.'' அவரும் தலையாட்டினார். காசு கட்டும் வரிசை நீண்டிருந்தது. எனக்குக் கால் வீங்கியிருந்தது. ``நாளைக்கு வேலை முடிஞ்சு வரேக்கை வாங்கியாறன்'' என்றார்.

மறுநாள் போனில் பார்ப்பதைத்தான் கொண்டுவந்தார். ``நீர் சொன்னது முடிஞ்சுதாம். உதுதான் இருந்தது.''

நான் நம்பினேன். நம்பாமலிருக்க என்ன இருந்தது?

பிள்ளைகள் பெப்ரவரியில் பிறந்தார்கள், மகனும் மகளும். கணவர் வேலைக்குத் திரும்பியபின் பகல் முழுவதும் நாங்கள் மூன்று பேர்தான். அந்த அறையில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். விட்பியில் இருக்கும் அக்காவைப் பற்றிக் குறை சொன்னேன். அவர்களின் தகப்பனைப் பற்றிச் சொன்னேன். ஒரு நாள் இருவரும் மூன்று மணித்தியாலம் விடாமல் அழுதபோது, ``உங்களைப் பெறாமலே இருந்திருக்கலாம்'' என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு இருவரையும் கொஞ்சினேன். அந்தச் சொல் எனக்கும் அவர்களுக்கும் இடையில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டேன்.

``எடி, எழும்பு! பிள்ளையின்ர முகத்திலை துணி!''

அக்காவின் குரல். துள்ளி எழுந்தேன். பால் துடைக்கும் துணி மகளின் மூக்குவரை ஏறியிருந்தது. இழுத்தெடுத்தேன். அவள் ஒன்றும் நடக்காததுபோல் வாயைச் சப்பினாள். அக்காவைத் தேடி வாசலைப் பார்த்தேன். யாருமில்லை. பிறகுதான் கமராவை நிமிர்ந்து பார்த்தேன். அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. அக்காதான். எடுக்கவில்லை. கமராவைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

கணவர் வந்ததும் கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

``தன்ர போனிலையும் பார்க்க வேணும் எண்டு அக்காதான் கேட்டவ. முதல் பிள்ளை தங்காமல் போனபிறகு நீர் எப்பிடி இருந்தனீர் எண்டு அவவுக்குத் தெரியும்தானே. திரும்பவும் அப்பிடி வந்திடுமோ எண்டு பயந்தவ.''

``அப்ப கடையிலை முடிஞ்சுது எண்டது?''

``முடியேல்லை.''

அந்த ஒரு சொல்லை அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. பிறகு, என்னைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்திருக்க வேண்டும், சொன்னார்: ``நீர் பிள்ளையளுக்குச் சொன்னதை நாங்கள் ஒண்டும் பெரிசா எடுக்கேல்லை.''

நாங்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதன்பிறகு என் எதிரில் இருந்து சோறும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

முதல் பிள்ளையை இழந்தபோது நான் அக்கா வீட்டில்தான் கிடந்தேன். என் தலையைக் கழுவிவிட்டது அவள்தான். அதனால்தான் இது கூடுதலாகக் குத்தியது. மாமியார் பார்த்திருந்தால் சண்டை பிடித்து முடித்திருப்பேன்.

ஞாயிறு கறிச் சட்டியோடு அக்கா வந்தாள். நான் கதவில் நின்றேன்.

``கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், அக்கா.''

``நீ சொல்லியிருக்கமாட்டாய்.''

``சொல்லாமல் இருக்கிறதும் என்ர விருப்பம்தானே?''

அவள் சட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினாள். ``அண்டைக்கு நான் பார்க்காட்டி பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும்?''

அவள் கேட்டது நியாயம். அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமை இரண்டு பிள்ளைகளையும் தள்ளுவண்டியில் வைத்து, பஸ் ஏறி அதே கடைக்குப் போனேன். நான் முதலில் காட்டிய பெட்டி ஐந்தாறு அடுக்கியிருந்தது. ஒன்றை வாங்கினேன். அங்கிருந்து நேரே குடும்ப வைத்தியரிடம் போய், அன்று பிள்ளைகளுக்குச் சொன்ன வசனத்தை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். மருந்தும் கிழமைக்கொரு ஆலோசனையுமாகக் கோடை முடியும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். அவர்கள் பயந்தது வீண் பயமல்ல. அது எனக்கு இப்போது தெரியும்.

ஆனாலும் ஏதோ போய்விட்டது. இப்போது பிள்ளைகளுக்கு மூன்று வயது. பெரியம்மா என்றால் உயிர். கணவரோடு சிரிக்கிறேன், சண்டை பிடிக்கிறேன். கடையில் ஏதாவது முடிந்துவிட்டது என்று அவர் சொன்னால் ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். அக்கா தினமும் போன் எடுத்து, ``எப்பிடி இருக்கிறாய்?'' என்று கேட்கிறாள். ``நல்லா இருக்கிறன்'' என்கிறேன். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரு மணித்தியாலம் பதில் சொல்வேன்.