டச்சப் அக்காவின் இடது புருவம்

அந்தத் தெருவில் அவளுக்கு டச்சப் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. போட்டோ ஸ்டுடியோவில் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைத் துடைத்துக் கொடுப்பாள். பருவை எடுப்பாள், கண்ணுக்கடியில் இருக்கிற கறுப்பை எடுப்பாள், தூக்கிக்கொண்டு நிற்கிற தோளை இறக்கி மற்றதோடு சமமாக்குவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் படம் ஆளுடைய கைக்குப் போகும். டச்சப் ஆகாத படத்தை வாடிக்கையாளர் கண்ணில் காட்டவே கூடாது என்பது ஸ்டுடியோக்காரர் போட்ட சட்டம். காட்டினால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்களாம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மனுஷ ஜன்மமே அப்படித்தான். மீசை நரைத்த பெரிய மனிதர் ஒருவர், தன் காது இவ்வளவு பெரிசே இல்லை என்று கடையில் நின்று சண்டை போட்டார். டச்சப் அக்கா மறுபேச்சுப் பேசாமல் காதைச் சுருக்கிக் கொடுத்தாள். அந்தப் பெரிய காதைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் சண்டைக்கு வந்திருந்தார், அது வேறு விஷயம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகு கிடக்கட்டும், தன் முகம் எவனுக்குத் தெரிகிறது?

இதையெல்லாம் பார்த்து அவள் சிரித்ததும் இல்லை, வருத்தப்பட்டதும் இல்லை. பாத்திரம் துலக்குகிறவள் கறையைப் பார்ப்பாள், பாத்திரத்தையா பார்ப்பாள்? அவளுக்கும் அப்படித்தான். முகம் வந்தது, துடைத்தாள், அடுத்த முகம்.

அவள் முகத்தைப் பற்றிச் சொல்வதற்குத்தான் ஆளில்லை. சின்ன வயதில் ஒருநாள் வீட்டில் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எடுத்த மாமா, "நீ கொஞ்சம் நகரு, உங்கக்காவ மறைக்கிற" என்றார். நகர்ந்தாள். படம் வந்தபோது ஓரத்தில் அவள் தோள் மட்டும் இருந்தது. அக்கா நன்றாக விழுந்திருக்கிறாள் என்று வீடே கொண்டாடியது. ஒரு குறை இருப்பதாக யாருக்கும் படவில்லை, அவளுக்கும்தான் படவில்லை. அன்றைக்கு நகர்ந்தவள் நகர்ந்தவள்தான். அதற்கப்புறம் குடும்பப் படம் என்றால் கேமராவை அவள் கையில் திணித்துவிடுவார்கள். துணிக்கடைக்குப் போனால், "எனக்கென்ன, ஏதோ ஒண்ணு" என்பாள். கடைக்காரன் அந்த ஏதோ ஒன்றைத்தான் கொடுப்பான். கேட்காத வாய்க்கு யார் ஊட்டுவார்கள்? வீட்டுக் கண்ணாடி கணவர் முகம் மழிப்பதற்காக அவர் உயரத்துக்கு மாட்டியது. அதில் அவளுக்குத் தன் வகிடு மட்டும் தெரியும். தலைவார அது போதுமே என்று இருந்துவிட்டாள்.

இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. மகள் நடை பழகிய வயதில் டப்பா மூடி ஒன்றைத் தூக்கி எறிந்தது, குனிந்திருந்த தாயின் புருவத்தைப் பிளந்துவிட்டது. ஆறின பிறகு அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. புருவம் நடுவில் அறுந்து நிற்கும்.

அந்த மகளுக்குத்தான் இப்போது பிரசவம், கடல் தாண்டிய ஊரில். தலைப்பிரசவம், அங்கே சொந்தமென்று ஒரு ஈ காக்கை கிடையாது. மருமகன் நல்ல பிள்ளைதான், ஆனால் வேலைக்குப் போனால் மறுநாள் வருகிற ஆள். மகள் போனில் அழுதாள். நீ வந்து பக்கத்தில் இருந்தால் போதும் என்றாள். டச்சப் அக்கா, நான் வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறேன், எனக்கு என்ன தெரியும் என்று சொன்னாள். வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். கணவர்தான் கத்தி, விசாவுக்கு நாள் வாங்கினார்.

அதற்குப் படம் வேண்டுமே. கூட்டம் இல்லாத நேரத்தில் ஸ்டுடியோக்காரர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஒன்று எடுத்துத் தள்ளினார். அது மற்ற படங்களோடு வரிசையில் போய் நின்றது. சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தாள். தன் படமும் நடுவில் வந்துபோயிருக்கிறது. விசா படத்தில் கைவைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான். என்ன செய்ய, கைக்குக் காது இல்லையே. கண்ணுக்கடியை வெளுத்தது, கன்னக் கோட்டை அழித்தது, அறுந்த புருவத்தை ஒட்டவைத்தது, அடுத்ததற்குப் போய்விட்டது. அச்செடுத்து, வெட்டி, உறையில் போட்டபோதும் அவள் உற்றுப் பார்க்கவில்லை. மகள் கேட்டிருந்ததால் போனில் ஒன்றை அனுப்பினாள். கணவரிடம் காட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, நல்லாத்தான் இருக்கு என்றார். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், அவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

மறுநாள் விசா ஆபீஸில், கவுன்ட்டருக்குள் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது யாரும்மா? உங்க தங்கச்சியா?"

"நான்தாங்க."

"இது நீங்க இல்லம்மா."

அந்தப் பெண் கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். டச்சப் அக்கா குனிந்து பார்த்தாள். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படத்தில் யாரோ ஒருத்தி, வழவழவென்று, கவலையே இல்லாமல், இரண்டு முழுப் புருவத்தோடு இருந்தாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித் தன்னைக் கிள்ளிப் பார்க்க வேண்டும் போல மட்டும் இருந்தது.

கைவைக்காத படம் இன்றைக்கே மூடுவதற்குள் வந்தால் எடுத்துக்கொள்வதாக அந்தப் பெண் சொன்னாள். விட்டால் அடுத்து நாள் கிடைப்பது எப்போது என்று கேட்டதற்கு அவள் சொன்ன தேதியில், மகளுக்குப் பிள்ளை பிறந்து குப்புற விழுந்திருக்கும்.

ஸ்டுடியோக்காரர் வெளிவேலைக்குப் போயிருந்தார். நேற்றைய படத்தின் அசலும் டச்சப்போடு அழிந்துபோயிருந்தது. டச்சப் அக்கா கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, கேமராவில் நேரம் வைத்துவிட்டு ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளிச்சம் வெட்டியது. படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

அப்போதுதான் பார்த்தாள். முதல் தடவையாக என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம். கன்னம் இறங்கியிருந்தது. கண்ணுக்கடியில் பை. உதட்டோரம் இரண்டும் கீழே பார்த்தன. ஐயோ பாவம், யாரோ களைத்துப்போன பொம்பளை என்று நினைத்தாள். வேற்றாளைப் பற்றி நினைப்பது போலத்தான் நினைத்தாள். கை தானாக மவுசுக்குப் போய் இடது கண்ணுக்கடியில் ஒரு இழுப்பு இழுத்தது, பை போய்விட்டது. திரும்பப் போட்டாள். பிறகு புருவத்துக்குப் போனது. அதையும் திரும்பப் போட்டாள். அச்சுக்குக் கொடுக்கிற பொத்தானுக்கு மட்டும் விரல் போகவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மகள் தனியாக வலியில் கிடப்பாள் என்பது தெரிந்தே இருந்தது. ஆனாலும் இந்த முகத்தை ஒரு கவுன்ட்டரில் நீட்டி, இது நான் என்று சொல்ல வேண்டும். இதை யாருக்குக் காட்டுவது? கடைச் சட்டப்படி இதை இந்த முகத்துக்குச் சொந்தக்காரியிடமே காட்டக் கூடாது.

போன் அடித்தது. மகள். அங்கே இப்போதுதான் விடிந்திருந்தது. விசா என்ன ஆச்சு என்று கேட்பாள் என்று நினைத்து எடுத்தாள்.

"அம்மா, நேத்து ஒரு போட்டோ அனுப்பிருக்கியே, யாரு அது?"

"நான்தான்டி."

"என் தழும்பு எங்க?"

இவளுக்குப் புரியவில்லை. என்ன தழும்பு என்றாள்.

"புருவத்துல இருக்கே, நான் போட்டது. சின்னப் பிள்ளையில கரண்ட் போனா நான் எப்படி உன்னக் கண்டுபிடிப்பேன்? அதத் தடவிப் பாத்துட்டுத்தானே தூங்குவேன். அத ஏம்மா எடுத்த? எனக்கு அந்தப் பொம்பள வேணாம். நீ வா."

டச்சப் அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுந்த புருவம் அங்கேதான் இருந்தது. இருட்டில் ஒரு குட்டி விரல் நெற்றியில் தேடிக்கொண்டு வருவதும், புருவத்தில் வந்து நிற்பதும், அப்புறம் மூச்சு சீராவதும் அவளுக்கு நினைவு வந்தது. தூக்கத்தில் பிள்ளை கையை அலையவிடுகிறது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன்னைத் தேடுகிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"கடையில வேலை இருக்கு, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அச்சுக்குக் கொடுத்தாள்.

படம் மெதுவாக வெளியே வந்தது. தலை, நெற்றி, புருவம், கண் என்று வரவர, கையை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தாள். பிடிக்கவில்லை. அழகாக இருக்கிறேன் என்றெல்லாம் திடீரென்று தோன்றிவிடவும் இல்லை, அதெல்லாம் கதையில் நடப்பது. வெட்டி உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கவுன்ட்டர்க்காரப் பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஆங், இதான்" என்று முத்திரையைக் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஆள் டச்சப் அக்காவைக் கொஞ்சம் நகரச் சொன்னான். கேட்டவுடன் நகர்கிறவள் அன்றைக்கு நகரவில்லை. எடுத்துக்கிட்டு வரேன் இருங்க என்று சொல்லி, மிச்சப் படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள். அப்புறம் வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, ஆட்காட்டி விரலால் இடது புருவத்தைத் தடவிப் பார்த்தாள். தழும்பில் உணர்ச்சியே இல்லை. விரலுக்குத்தான் அது தெரிந்தது.